"ஒக்டோபரிலிருந்து 1,750, ஏலாதெண்டால் சொல்லுங்கோ": பேஸ்மென்ற் வாடகையும் ஒன்ராறியோ சட்டமும்

ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவர், இரண்டு பிள்ளைகளோடு 2019 யூலையில் ஊர்க்காரர் ஒருவரின் பேஸ்மென்றுக்கு வாடகைக்கு வந்தவர் அவர். மாதம் 1,250 டொலர். எழுத்தில் ஒன்றும் இல்லை. முதல் மாதக் காசையும் கடைசி மாதக் காசையும் கையில் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஹைட்ரோ (மின்சாரம்), தண்ணீர், ஹீற் எல்லாம் வாடகைக்குள். குசினியும் குளியலறையும் கீழேயே தனியாக இருக்கின்றன, உடுப்புத் தோய்க்கும் மெஷின் மட்டும் மேல்வீட்டாருக்கும் பொது. 2022 ஜனவரியில் வீட்டுக்காரர் வாய்ச்சொல்லாக வாடகையை 1,350 ஆக்கினார், இவர்களும் "சரி அண்ணை" என்று கொடுத்தார்கள்.

2025 ஓகஸ்ட் 30ஆம் திகதி இரவு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து 1,750. ஹைட்ரோவில அரைவாசியும் நீங்கள்தான். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, மகனுக்குக் கலியாணம் வருது, அவனை அதில விடலாம்."

கணவர் கோபத்தில் இருக்கிறார்: இனி வாடகை கட்டாமல் விடுவோம், கடைசி மாதக் காசு அவரிடம் இருக்குதானே என்கிறார். வேலையிடத்துச் சிநேகிதியோ, ஒன்ராறியோவில் ஒருவரும் 2.5 வீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது, பயப்படாதே என்கிறார். வாசகியின் பயம் வேறு. எழுத்து ஒப்பந்தம் இல்லை, பேஸ்மென்ற் சிற்றியில் (நகரசபையில்) பதியவும் இல்லை, முறையிடப் போனால் தாங்களே தெருவில் நிற்க வேண்டி வருமோ என்கிறார். நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க வேண்டிய ஆட்கள் என்ற சங்கடமும் இருக்கிறது. கடிதத்தின் முடிவில், போகிற போக்கில் ஒரு வரி: "குசினிக் கதவு நிலையில் முந்தி இருந்த ஆக்கள் தங்கட பிள்ளையின்ர உயரத்தைப் பென்சிலால கோடு போட்டு 2016, 2017 எண்டு எழுதி வைச்சிருக்கினம். எங்கட மகள் அந்தக் கோடுகளைத் தாண்டி வளர்ந்திட்டாள். இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை."

அன்பின் சகோதரிக்கு,

கடிதம் முழுவதிலும் சட்டத்துக்கு மிகத் தேவையான வரி அந்தக் கடைசி வரிதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்தைக் குறைக்கிறேன்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் உங்களுக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வாய்ப்பேச்சில் தொடங்கிய வாடகையையும் வாடகை என்றே ஏற்கிறது. மாதாமாதம் காசு கொடுத்துக் குடியிருக்கிறீர்கள், அது போதும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு தொடங்கிய வாடகைகளுக்கு, மாகாணம் வகுத்த பொது ஒப்பந்தப் படிவத்தைத் தருவது வீட்டுக்காரரின் கடமை. நீங்கள் வந்தது 2019இல். ஆகவே எழுத்து இல்லாதது உங்கள் குறையல்ல, அவருடைய குறை.

பேஸ்மென்ற் சிற்றியில் பதியப்படாததும் உங்கள் வாடகை உரிமையைப் பறிக்காது. வீட்டு உரிமையாளர் – வாடகையாளர் சபை, அதுதான் நம்மவர்கள் எல்ரிபி என்று சொல்வது, வாடகை வழக்கில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் சிற்றி அதிகாரியை நீங்களே கூப்பிடுவது வேறு கதை. தீப்பாதுகாப்புக் குறைகள் இருந்தால் திருத்தச் சொல்வார்கள், மோசமான நிலையில் அந்த இடத்தில் ஆட்கள் இருக்கவே கூடாது என்றும் சொல்லக்கூடும். ஆகவே வாடகைப் பிரச்சினைக்கு எல்ரிபி, உயிராபத்து இருந்தால் மட்டும் சிற்றி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். (புகை அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அமத்திப் பாருங்கள். அதற்கு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை.)

மெஷின் பொது என்பதைப் பற்றியும் யோசித்திருக்கிறீர்கள். வீட்டுக்காரரோடோ அவருடைய குடும்பத்தோடோ குசினியை அல்லது குளியலறையைக் கட்டாயம் பகிர வேண்டிய இடம் என்றால்தான் இந்தச் சட்டம் பொருந்தாது. உடுப்பு மெஷின் அந்தக் கணக்கில் வராது.

2.5 வீதம் எல்லோருக்கும் அல்ல

உங்கள் சிநேகிதி சொன்னது பாதிதான் சரி. ஒவ்வொரு ஆண்டும் மாகாண அரசு ஒரு வழிகாட்டி வீதத்தை அறிவிக்கிறது. ஒன்ராறியோவின் விலைவாசிக் குறியீட்டை வைத்து அதைக் கணக்கிட்டாலும், 2.5க்கு மேல் போக விடுவதில்லை. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் 2.5 வீதம். 2026க்கு 2.1 வீதம் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் 2018இல் ஒரு பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருப்பாக வந்த இடங்களுக்கு இந்த வீதம் பொருந்தாது. புதுக் கொண்டோக்கள் மட்டுமல்ல, பழைய வீட்டில் அந்தத் திகதிக்குப் பிறகு புதிதாக இறக்கிய பேஸ்மென்ற்றும் இதில் மாட்டலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. தனிக் குசினி, தனிக் குளியலறை, உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி வாசல் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அப்போது அதே வீட்டின் இன்னொரு பகுதியில் குடியிருந்திருக்க வேண்டும், அல்லது அந்த இடம் அதுவரை வேலை முடிக்காத வெறும் இடமாக இருந்திருக்க வேண்டும். உங்களுடையதைப் போல மேலே வீட்டுக்காரரும் கீழே வாடகைக்காரரும் இருக்கும் வீடுகளில் இந்த நிபந்தனைகள் சுலபமாகப் பொருந்திவிடும். மிச்சமிருப்பது திகதி மட்டும்தான்.

இப்போது அந்தப் பென்சில் கோட்டுக்கு வருவோம். 2016இலும் 2017இலும் அந்தக் குசினிக் கதவில் ஒரு குடும்பம் பிள்ளையின் உயரத்தை அளந்திருக்கிறது என்றால், 2018 நவம்பருக்கு முன்பே அது குடியிருப்பாக இருந்திருக்கிறது. அப்படியானால் விலக்கு பொருந்தாது, வழிகாட்டி வீதம் உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் சுவருக்குப் பூச்சு அடிக்க வருவதற்கு முதல், பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு கவனம். அந்தப் பிள்ளை வீட்டுக்காரரின் சொந்தப் பிள்ளையாக இருந்து, பேஸ்மென்றை அவர்களே புழங்கியிருந்தால் அந்தக் கோடு உங்களுக்கு உதவாமல் போகலாம். முன்பு வாடகைக்கு இருந்தவர்கள் யார் என்று விசாரியுங்கள். ஸ்காபரோவில் அது ஒன்றும் கஷ்டமில்லை, இரண்டு தொலைபேசி அழைப்பில் ஆள் கிடைத்துவிடும். "2016இலிருந்து இன்ன மாதம் வரை அங்கே வாடகைக்கு இருந்தோம்" என்று அவர்கள் ஒரு வரி எழுதி ஒப்பமிட்டுத் தந்தால் அது கோட்டை விடப் பலமான சான்று. விலக்கு உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும் என்பதும் உங்களுக்குச் சாதகம்.

எப்படிப் பார்த்தாலும் ஒக்டோபர் 1 நடக்காது

விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத விதிகள் இரண்டு. வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம். ஏற்றுவதற்கு 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழிகாட்டிக்கு உட்பட்ட இடத்துக்கு என்1 படிவம், விலக்குள்ள இடத்துக்கு என்2. இரவு பத்து மணிக்கு வந்த வட்ஸ்அப் செய்தி இந்த இரண்டும் இல்லை. முறையான அறிவித்தல் இல்லாத ஏற்றம் செல்லாது.

கணக்கைப் பார்ப்போம். அவர் கேட்பது 400 டொலர் கூட, கிட்டத்தட்ட 30 வீதம். இன்றைக்கே சரியான என்1 கொடுத்தாலும், செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து 90 நாள் எண்ணினால் டிசெம்பர் முதலாம் திகதி தாண்டிவிடும். ஆகவே 2026 ஜனவரி 1. அப்போது பொருந்துவது 2026இன் 2.1 வீதம், அதாவது 28 டொலர் 35 சதம். புது வாடகை 1,378.35. ஓகஸ்ட் மாதத்திலேயே முறைப்படி படிவம் தந்திருந்தால் டிசெம்பரிலிருந்து 2.5 வீதம் கேட்டிருக்கலாம். அவசரப்பட்டதில் நட்டம் அவருக்குத்தான்.

ஹைட்ரோவும் அப்படியே. வாடகைக்குள் இருந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து உங்கள் தலையில் போடுவது அவர் ஒருவராகத் தீர்மானிக்கக்கூடியது அல்ல. நீங்கள் சம்மதித்து, அதற்கு ஈடாக வாடகையைக் குறைத்தால் மட்டுமே அது நடக்கலாம்.

ஒரு வருடம் என்ற பொறி

நல்ல செய்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு உதவி ஆகாது. 2022இல் ஏற்றிய 100 டொலரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஆண்டின் வீதம் 1.2. 1,250க்கு அது 15 டொலர். மிச்ச 85 டொலரும் சட்டத்துக்குப் புறம்பானது. ஏன், படிவமே இல்லாததால் 100 டொலரும் செல்லாது என்று அப்போதே வாதிட்டிருக்கலாம். இப்போது முடியாது. செல்லாத ஏற்றமாக இருந்தாலும், தொடர்ந்து 12 மாதம் அதைக் கட்டிவிட்டு எல்ரிபிக்குப் போகாமல் இருந்தால், 2020இல் வந்த திருத்தத்தின்படி அது செல்லுபடியாகிவிடும். மாதம் 85 டொலர் வீதம் போனது போனதுதான், உங்கள் சட்ட வாடகை இன்று 1,350.

1,750க்கும் இதே விதிதான். "இப்போதைக்குக் கட்டுவோம், பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அடுத்த செப்டெம்பர் வரை கட்டினால், 1,750 உங்கள் சட்ட வாடகை ஆகிவிடும், அதற்கு மேல்தான் அடுத்த வீதமும் ஏறும். வேறு வழியில்லாமல் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கட்ட நேர்ந்தால், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்டு ரி1 விண்ணப்பம் போட உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது. எல்ரிபி இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் விசாரிக்கிறது, தாமதமும் அதிகம். அரச சேவைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்பட்ஸ்மன் 2023இல் அந்தத் தாமதத்தைப் பற்றியே ஒரு கடுமையான அறிக்கை வெளியிட்டார். ஆனால் கணக்கில் வருவது நீங்கள் விண்ணப்பம் போட்ட நாள்தான். விசாரணைக்குக் கூப்பிடும் நாளைப் பற்றி யோசித்துப் பின்வாங்க வேண்டாம்.

கணவருக்கு ஒரு சொல். வாடகையை நிறுத்தினால் இந்த வழக்கில் நல்ல பக்கத்தில் நிற்கும் நீங்கள் ஒரே நாளில் கெட்ட பக்கத்துக்கு மாறிவிடுவீர்கள். வாடகை நிலுவை என்று அறிவித்தல் கொடுத்து, அந்தக் காரணத்துக்காகவே உங்களை எழுப்ப அவருக்கு வழி கிடைக்கும். கடைசி மாதக் காசு கடைசி மாதத்துக்கு மட்டும்தான், இடையில் எடுத்துக் கழிக்க முடியாது. ஒவ்வொரு முதலாம் திகதியும் 1,350ஐ முழுதாக அனுப்புங்கள். கையில் காசு கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பி, குறிப்பில் "ஒக்டோபர் வாடகை" என்று எழுதுங்கள். இதுவரை கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது அவர் கடமை.

மகனுக்குக் கலியாணம்

இதுதான் உங்களை உண்மையில் ஆட்டி வைக்கும் வசனம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் தனக்காகவோ மனைவிக்காகவோ, பிள்ளைக்காகவோ பெற்றோருக்காகவோ வீட்டைத் திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மகன் அந்தப் பட்டியலில் வருகிறார். அதை மறுத்துப் பயனில்லை.

ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. என்12 படிவத்தில் 60 நாள் அறிவித்தல் தர வேண்டும், அது ஒரு மாத முடிவில் போய் முடிய வேண்டும். 2025இல் இருந்த விதிப்படி ஒரு மாத வாடகையை இழப்பீடாகத் தர வேண்டும். மகன் குறைந்தது ஒரு வருடமாவது அங்கே இருக்க உண்மையாகவே நினைக்க வேண்டும், அதைச் சத்தியக்கடதாசியில் எழுதித் தரவும் வேண்டும். இவ்வளவும் செய்தாலும், நீங்கள் போக மறுத்தால் எல்ரிபி விசாரித்துக் கட்டளை தரும் வரை நீங்கள் அங்கேயே இருக்கலாம். கட்டளை வந்த பிறகும் பூட்டை மாற்ற ஷெரிஃப் அலுவலகத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. அண்ணையோ மகனோ பூட்டை மாற்றினால் அது குற்றம்.

அவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். 1,750 தந்தால் இருக்கலாம், தராவிட்டால் மகன் வருவான். மகனுக்கு உண்மையிலேயே வீடு வேண்டும் என்றால் நீங்கள் 1,750 தந்தாலும் வேண்டும்தானே? அந்தச் செய்தியை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுத்து, திகதி தெரியும்படி மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். நாளைக்கு என்12 வந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் என்ன என்பதை இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. நீங்கள் போன பிறகு மகன் வராமல் வேறு யாராவது குடிவந்தாலும் ஒரு வருடத்துக்குள் ரி5 விண்ணப்பம் போடலாம். 12 மாத வாடகை வரைக்கும் இழப்பீடு கேட்க வழியிருக்கிறது.

அவர் ஏன் உங்களை எழுப்பப் பார்க்கிறார் என்பதும் இரகசியம் இல்லை. இருப்பவருக்குத்தான் வீதம் உண்டு. ஆள் மாறினால் புது ஆளிடம் எவ்வளவும் கேட்கலாம். இதைத் தெரிந்து வைத்திருங்கள், பேச்சுவார்த்தைக்கு உதவும்.

முகம் முறியாமல்

ஊர்க்காரரோடு வழக்குக்குப் போகத் தயங்குவது எனக்குப் புரிகிறது. உரிமையைக் கேட்பதெல்லாம் சண்டை என்று ஆகிவிடாது. முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள், உங்கள் வழமையான பேச்சிலேயே:

"அண்ணை, உங்கட செய்தி பார்த்தம். வாடகை ஏத்துறதெண்டால் 90 நாளுக்கு முதல் என்1 படிவம் தரவேணுமாம். தந்தால், சட்டப்படி கூடுற காசைக் கட்டாயம் தருவம். அதுவரைக்கும் ஒவ்வொரு முதலாம் திகதியும் 1,350 வழமைபோல அனுப்புறம். ஹைட்ரோவும் இப்ப இருக்கிற மாதிரி வாடகைக்குள்ளயே இருக்கட்டும்."

இவ்வளவு போதும். 2018ஐப் பற்றியோ பென்சில் கோட்டைப் பற்றியோ இப்போது ஒன்றும் எழுத வேண்டாம்.

அவரும் கஷ்டத்தில் இருக்கலாம், மோர்ட்கேஜ் வட்டி ஏறினது எல்லோருக்கும்தான். நீங்களாகக் கொஞ்சம் கூடக் கொடுக்க நினைத்தால் அதற்கும் ஒரு நேரான வழி உண்டு. அவர் பெரிய வேலை ஏதாவது செய்து தந்தால், அல்லது புதுச் சேவை ஒன்று தந்தால், வழிகாட்டிக்கு மேல் 3 வீதம் வரை இருவரும் என்10 படிவத்தில் சம்மதிக்கலாம். 2026இல் அது மொத்தம் 5.1 வீதம், 1,418.85 வரை. ஒழுகுகிற யன்னலை மாற்றுவது, கார் நிறுத்த இடம் தருவது என்று நீங்களே கேளுங்கள். ஒப்பமிட்டபின் மனம் மாறினால் ஐந்து நாளுக்குள் விலகிக்கொள்ளவும் முடியும்.

மாறாக, அவர் என்11 என்ற தாளை நீட்டினால் உடனே ஒப்பமிடாதீர்கள். நீங்களாக விருப்பத்தோடு வீட்டை விடுகிறீர்கள் என்று அர்த்தம் வரும் தாள் அது. போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தாலும், எவ்வளவு காசு, எந்தத் திகதியில், கடைசி மாதக் காசு என்ன ஆகிறது என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகே பேனையை எடுங்கள். இன்றைய வாடகைச் சந்தையில் இரண்டு பிள்ளைகளோடு வேறு இடம் தேடுவதன் செலவை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாத இழப்பீடு அதற்குக் கால்வாசியும் காணாது என்பது என் அனுபவம்.

குளிர்காலம் வருகிறது. கோபத்தில் ஹீற்றைக் குறைப்பது, தண்ணீரை நிற்பாட்டுவது போல ஏதாவது நடந்தால் அது பொறுத்துப்போகிற விஷயம் இல்லை. குளிர்காலத்தில் ரொறொன்ரோவில் வாடகை வீட்டுக்குள் 21 பாகையாவது இருக்க வேண்டும். சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, திகதியோடு படம் எடுத்துக்கொண்டு சிற்றியின் 311 இலக்கத்தைக் கூப்பிடுங்கள். சிற்றியைக் கூப்பிட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. உரிமையைக் கேட்டதற்குப் பழிவாங்கத்தான் எழுப்புகிறார் என்று தெரிந்தால் எல்ரிபி அவருடைய விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

வருமானம் குறைவென்றால் ஸ்காபரோவில் உள்ள சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இலவசமாகப் பார்த்துத் தருவார்கள். உங்கள் தபால் எண்ணைச் சொன்னால் எந்த நிலையம் என்று லீகல் எய்ட் ஒன்ராறியோ வழிகாட்டும். போகும்போது வட்ஸ்அப் படம், வங்கிக் கணக்கின் வாடகைப் பதிவுகள், கதவு நிலையின் படம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். என்12 ஏதும் கையில் வந்தால் வந்த திகதியை அந்தத் தாளின் மூலையிலேயே எழுதிவைத்துவிட்டு, அதே கிழமைக்குள் போய்க் காட்டுங்கள்.